கண்ணுக்குள் குடியேறியவர்கள்

தென்னார்க்காட்டு மருத்துவ வரலாறு – 17

கடுவனூர் என்ற பெயரை 2008-க்கு முன்னால் அந்த வட்டாரத்துக்கு வெளியே கேள்விப்பட்டவர்கள் குறைவு. அன்றைக்கு அது விழுப்புரம் மாவட்டத்து ஊர். அந்த ஆண்டு ஜூலை மாதக் கடைசியில் அங்கே ஓர் இலவசக் கண் சிகிச்சை முகாம் நடந்தது. கண்புரை முற்றியவர்களைப் பார்த்து எடுத்து, பெரம்பலூருக்கு அழைத்துப்போய், ஒரு தனியார் கண் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்து அனுப்பினார்கள். அவர்களில் 66 பேருக்கு அறுத்த கண்ணில் பார்வை போய்விட்டது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போய், சி.பி.ஐ. விசாரணை வரை நீண்டது.

முகாமுக்கு வருகிறவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். கரும்பு வெட்டியவர்கள், களை பறித்தவர்கள், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கும் ஆயாக்கள். நம் பக்கத்தில் கண் முகாம் என்றால் நாலு நாளைக்கு முன்பே ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வார்கள். பள்ளிக்கூட வராந்தாவில் வரிசை நிற்கும். டார்ச் அடித்துப் பார்த்து, புரை இருக்கிறவர்களின் கையில் ஒரு சீட்டைக் கொடுப்பார்கள். சாப்பாடு உண்டு, வண்டி உண்டு, திரும்பி வரும்போது கறுப்புக் கண்ணாடி உண்டு. பஸ் செலவுக்கே கணக்குப் பார்க்கும் குடும்பத்துக்கு இது பெரிய வரம். லட்சக்கணக்கான பேருக்கு இப்படித்தான் பார்வை திரும்பியது. அதனால்தான் கடுவனூர்ச் செய்தி இத்தனை வலித்தது. நம்பிக்கையோடு படுத்தவர்கள் அவர்கள்.

அறுத்த கண்ணுக்குள் கிருமி புகுந்து சீழ் வைப்பதை மருத்துவர்கள் எண்டாப்தல்மைடிஸ் என்கிறார்கள். ஆயிரக்கணக்கான அறுவைகளில் ஒருவருக்கோ இருவருக்கோ இது வந்தால் அது துரதிர்ஷ்டமாக இருக்கலாம். ஒரே இடத்தில், ஒரே சமயத்தில் அறுத்துக்கொண்ட இத்தனை பேருக்கு வந்தால் அங்கே ஏதோ ஒன்று பொதுவாக இருந்திருக்க வேண்டும். கண்ணைக் கழுவிய நீர்மம், கருவி, குழாய், காற்று, கை என்று அதைத் தேடிப் போக வேண்டும். ஹைதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிலையத்து மருத்துவர்கள் 2012-இல் இப்படியொரு தொற்றைத் துருவி எழுதியபோது, குற்றவாளி எதிர்பாராத இடத்தில் இருந்தது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் டப்பாவில் மிதந்துகொண்டிருக்கும் அல்லவா, அந்த நீர்மத்திலேயே சூடோமோனாஸ் என்ற கிருமி குடியிருந்தது. கடுவனூர் மக்களுக்கு நேர்ந்ததும் இதுதான் என்று நான் சொல்லவில்லை. கிருமி எங்கே ஒட்டி வாழும், ஏன் அங்கே அதை ஒழிப்பது கடினம் என்ற கேள்விக்கு அந்த டப்பா ஒரு நல்ல வாசல். இந்தப் பகுதி முழுக்க அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

முதலில் லென்ஸின் கதை. நம் தாத்தா காலத்தில் கண்புரை அறுவை என்றால் புரை விழுந்த லென்ஸை அப்படியே வெளியே எடுத்துவிடுவார்கள். அதற்கு ஈடாக மூக்கின் மேல் சோடாபுட்டிக் கண்ணாடி ஏறும். அது உடைந்தால் ஆள் மறுபடியும் குருடர்தான். லண்டனில் ஹெரால்டு ரிட்லி என்ற கண் மருத்துவர் இரண்டாம் உலகப் போரின்போது ஒன்றைக் கவனித்தார். குண்டடிபட்ட விமானங்களின் மேல்மூடி உடைந்து, அந்த பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் துணுக்குகள் விமானிகளின் கண்ணில் தைத்துக் கிடந்தன. கண் அவற்றை எதிர்க்காமல் பேசாமல் இருந்தது. அப்படியானால் அதே பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து கண்ணுக்குள்ளேயே வைத்தால் என்ன? 1949 நவம்பர் 29 அன்று செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் அதைச் செய்து பார்த்தார். சக மருத்துவர்கள் பலர் அவரைக் கடிந்துகொண்டார்கள். பல ஆண்டுகள் கழித்து உலகமே அவர் வழிக்கு வந்தது.

நம் ஊருக்கு அது வந்துசேர நாற்பது ஆண்டுக்கு மேல் ஆனது, காரணம் விலை. 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமியின் குழு 1992-இல் அரோலேப் என்ற தொழிற்கூடத்தை நிறுவி, வெளிநாட்டில் நூறு டாலருக்கு மேல் விற்ற லென்ஸை அதில் பத்தில் ஒரு பங்கு விலையில் செய்துகாட்டியது. உலக வங்கிக் கடனில் 1994 முதல் 2002 வரை நடந்த கண்புரைத் திட்டம் எடுத்துக்கொண்ட ஏழு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அதற்குப் பிறகு ‘லென்ஸ் வைக்கிற ஆபரேஷன்’ என்பது கிராமத்துப் பேச்சில் கலந்துவிட்டது.

சோடாபுட்டிக் கண்ணாடி உடம்புக்கு வெளியே இருந்தது. லென்ஸ் உள்ளே இருக்கிறது, சாகும்வரை இருக்கும். இருபதாம் நூற்றாண்டு மருத்துவத்தின் பெரிய திருப்பம் இதுதான். சிறுநீர்க் குழாய், இதய வால்வு, பேஸ்மேக்கர், எலும்புக்குத் தகடு, மூளைநீர் வடிகுழாய், டயாலிசிஸ் குழாய் என்று உயிரில்லாத பொருள்களை உயிருள்ள உடம்புக்குள் வைக்கத் தொடங்கினோம். உடம்பு அவற்றைச் சகித்துக்கொண்டது. கிருமிகளோ அவற்றைக் கண்டு கொண்டாடின.

ஏன் என்று புரிய உங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் குடத்துக்குள் கையை விட்டுப் பாருங்கள். தண்ணீரை மாற்றிக்கொண்டேதான் இருக்கிறோம், ஆனாலும் பத்து நாளில் உள்பக்கம் வழுவழுவென்று ஒன்று படிந்திருக்கும். தண்ணீர் ஊற்றி அலசினால் போகாது. தேங்காய் நாரும் புளியும் போட்டுத் தேய்க்க வேண்டும். ஏரிப் படிக்கட்டில் கால் வழுக்குவதும், காலையில் எழுந்ததும் பல்லின் மேல் நாக்கு உணரும் மாவு போன்ற படிவும் இதே குடும்பம்தான். கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, தம்மைச் சுற்றித் தாமே சுரந்த பிசினுக்குள் கூட்டமாக வாழ்கின்றன. அறிவியலார் இதை பயோஃபிலிம் என்கிறார்கள். தமிழில் உயிரிப்படலம் என்கிறோம்.

இதை முதன்முதலில் பார்த்தவர் மருத்துவரே இல்லை. ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி அந்தோனி வான் லீவன்ஹூக், தானே தேய்த்துச் செய்த லென்ஸில் தன் பல்லழுக்கை வைத்துப் பார்த்து, அதில் நெளிகிற உயிர்களைப் பற்றி 1680-களில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். வாயில் வினிகரை ஊற்றிக் கொப்பளித்தும் பார்த்தார். அழுக்குப் படிவின் மேல்புறத்தில் இருந்தவை செத்தன, உள்ளே இருந்தவை சாகவில்லை என்று குறித்துவைத்தார். இன்றைக்கு ஐ.சி.யூ. மருத்துவரைத் தூங்கவிடாத சிக்கலை அந்தத் துணிக் கடைக்காரர் முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டார். அதற்குப் பிறகு மருத்துவ உலகம் அதை மறந்தே போனது.

மறந்ததற்கும் காரணம் உண்டு. ராபர்ட் காக் காலம் முதல் கிருமியியல் வளர்ந்த விதம் அப்படி. ஒரு கிருமியைத் தனியாகப் பிரித்து, சத்துள்ள நீர்மத்தில் வளர்த்து, நீந்துகிற நிலையில் அதை ஆராய்ந்தார்கள். காலராவும் டைஃபாய்டும் அப்படித்தான் பிடிபட்டன. மருந்தின் வீரியத்தையும் அதே நீந்துகிற கிருமிமேல்தான் சோதித்தார்கள். ஒட்டி வாழும் கிருமிக்கு வேறு குணம் இருக்கும் என்று யோசிக்கவே யாருக்கும் தோன்றவில்லை.

ஒரே ஒரு சோதனை மட்டும் மணியடித்தது. 1957-இல் எலெக், கோனென் என்ற இருவர் தாமாக முன்வந்தவர்களின் தோலுக்குள் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியை ஊசியால் செலுத்திப் பார்த்தார்கள். சீழ் வைக்க, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிருமிகள் வேண்டியிருந்தது. அதே இடத்தில் ஒரு பட்டுத் தையல் நூலை விட்டுவைத்தபோது சில நூறு கிருமிகளே போதுமானதாக இருந்தன. வெறும் ஒரு துண்டு நூல்! உடம்பின் காவலை அது பத்தாயிரம் மடங்கு பலவீனமாக்கிவிட்டது. நூலுக்கே இப்படி என்றால் ஒரு முழப் பிளாஸ்டிக் குழாய்க்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி இந்தக் கதையின் நாயகர் வருகிறார். பில் காஸ்டர்டன், கனடாக்காரர், 1934-இல் பிறந்தவர். முனைவர் பட்டம் பெற்ற கையோடு இந்தியாவுக்கு வந்து, 1960-களின் தொடக்கத்தில் பஞ்சாப் மாநிலம் பட்டாலாவில் பேரிங் யூனியன் கிறித்தவக் கல்லூரியில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மலையேறுவதில் பித்து உள்ளவர். கனடா திரும்பியபின், மலை ஓடைகளில் ஓடும் தண்ணீரை எடுத்துச் சோதித்தார். அதில் கிருமிகள் மிகக் குறைவு. ஓடைக்குள் கிடந்த கல்லைச் சுரண்டிப் பார்த்தால் எண்ணி மாளவில்லை. நம் கல்வராயன் மலை ஓடையில் கால் வைத்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும், கல் வழுக்கும். இயற்கையில் பாக்டீரியாவின் இயல்பான வாழ்க்கை ஒட்டி வாழ்வதுதான், நீந்துவது வழிப்பயணம் மட்டுமே என்று 1978-இல் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் தன் சகாக்களோடு சேர்ந்து அவர் எழுதினார்.

ஓடைக் கல்லுக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்களுக்கு 1982-இல் பதில் கிடைத்தது. பேஸ்மேக்கர் பொருத்திய ஒரு நோயாளியின் ரத்தத்தில் ஸ்டெஃபிலோகாக்கஸ் தொற்று. வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்தும் தொற்று விடவில்லை. கடைசியில் இதயத்துக்குள் போகும் மின்கம்பியை வெளியே எடுத்து, எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் வைத்தார்கள். கம்பியின் மேல் ஓடைக் கல்லில் பார்த்த அதே கூட்டம், அதே பிசின். மருந்து ரத்தத்தில் நீந்திய கிருமிகளைக் கொன்றிருக்கிறது. கம்பியில் குடியிருந்தவை அடுத்த தலைமுறையை ரத்தத்துக்குள் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கின்றன. மருந்து தோற்றதன் மர்மம் அந்தப் படத்தோடு உடைந்தது. காஸ்டர்டன் பின்னாளில் அமெரிக்காவின் மோன்டானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உயிரிப்படல ஆய்வு மையத்தை நடத்தி, 2012-இல் காலமானார். இந்தத் துறையில் அவர் சொன்னதை ஒட்டியோ வெட்டியோ பேசாத ஆய்வுக் கட்டுரை இன்று அரிது.

குழாய் உடம்புக்குள் போனதும் என்ன நடக்கிறது? சில நிமிடங்களிலேயே ரத்தத்திலோ சிறுநீரிலோ இருக்கும் புரதங்கள் அதன்மேல் மெல்லிய பூச்சாகப் படிகின்றன. அது கிருமிக்கு விரித்த பாய். தோலிலிருந்தோ, செருகியவர் கையிலிருந்தோ, குழாயின் வாய் வழியாகவோ வந்த ஓரிரு கிருமிகள் அதில் தொற்றிக்கொள்கின்றன. முதல் சில மணி நேரம் அவற்றின் பிடி தளர்வுதான். பிறகு இறுகுகிறது. பெருகப் பெருக, சர்க்கரைச் சங்கிலிகள், புரதங்கள், செத்த கிருமிகளின் டி.என்.ஏ. எல்லாம் கலந்த பிசினைச் சுரந்து தம்மைப் போர்த்திக்கொள்கின்றன. எத்தனை பேர் சேர்ந்திருக்கிறோம் என்பதை ரசாயனச் சமிக்ஞைகளால் அவை தமக்குள் அறிந்துகொள்கின்றன. போதுமான கூட்டம் சேர்ந்ததும் நடத்தை மாறுகிறது. படலத்துக்குள் சத்துநீர் ஓட வாய்க்கால்கள்கூட உண்டு. அடியில், பிராணவாயு எட்டாத இடத்தில் இருப்பவை ஏறக்குறைய உறங்குகின்றன. பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகள் வளர்கிற கிருமியைத்தான் தாக்கும். உறங்குகிறதை அவை தொடுவதில்லை. அதனால்தான் சோதனைக் குழாயில் நீந்தும் கிருமியைக் கொல்லப் போதுமான மருந்து, படலத்துக்குள் இருக்கும் அதே கிருமிக்கு ஆயிரம் மடங்கு தந்தாலும் போதாமல் போகலாம். வெள்ளணுக்கள் வந்து மோதிப் பார்த்துவிட்டு, பக்கத்துத் திசுவைப் புண்ணாக்கிவிட்டுத் திரும்பும்.

கண் லென்ஸில் இது நடப்பதற்கு இரண்டு முகம் உண்டு. ஒன்று கடும் தொற்று, ஓரிரு நாளில் கண் சிவந்து வீங்கிப் பார்வை போகும். இன்னொன்று கள்ளத்தனமானது. தோலிலும் இமையிலும் சாதுவாக வாழும் ஒரு வகைப் பாக்டீரியா லென்ஸ் உறைக்குள் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கும். ஆபரேஷன் நன்றாக முடிந்ததென்று எல்லோரும் மறந்தபின் பார்வை மங்கும். சொட்டு மருந்தில் சரியாகும், நிறுத்தினால் திரும்பும். சிலருக்கு லென்ஸையே எடுத்தால்தான் தீரும்.

‘கல்ச்சர் எடுத்தோம், ஒன்றும் வளரவில்லை, ஆனாலும் காய்ச்சல் விடவில்லை’ என்று மருத்துவர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஒட்டி வாழும் கிருமி ரத்த மாதிரியில் அகப்படாமல் போவதுண்டு. அது மருத்துவரின் சாக்குப்போக்கு என்று நாம் எண்ணிவிடக் கூடாது.

இப்போது திண்டிவனத்துக்கு வருவோம். சென்னையிலிருந்து தெற்கே போகும் பெருஞ்சாலையில் புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் பிரியும் வழிகள் கூடும் ஊர். விபத்துகளின் ஊரும்கூட. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்தபின், முன்பு சாலையோரத்திலேயே முடிந்துபோயிருக்கக்கூடிய பல உயிர்கள் ஆஸ்பத்திரி வாசலை எட்டின. 2010-இல் முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தபின், அதற்கு முன் ஜிப்மருக்கோ சென்னைக்கோ ஓட வேண்டியிருந்தவர்களுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. இதை நன்றியோடு சொல்ல வேண்டும். தலையில் அடிபட்டவர் பிழைக்க வேண்டுமானால் வென்டிலேட்டர் குழாய் தொண்டைக்குள் போக வேண்டும், கழுத்து நரம்பில் சென்ட்ரல் லைன், கையில் வென்ஃப்ளான், கீழே யூரின் டியூப், தொடை எலும்பில் தகடும் திருகும். ஒரே உடம்பில் ஐந்து வாசல்கள். உயிரைக் காப்பாற்றியதும் அந்த வாசல்கள்தாம், கிருமி நுழைவதும் அவற்றின் வழிதான்.

இவற்றில் எளிமையாகத் தெரிவது யூரின் டியூப். அமெரிக்க மருத்துவர் ஃபிரெடெரிக் ஃபோலி 1930-களில் வடிவமைத்தது இன்றும் அவர் பெயரிலேயே இருக்கிறது. ஒரு காலத்தில் குழாயின் மறுமுனையைத் திறந்த பாட்டிலில் விட்டிருந்தார்கள். நாலே நாளில் ஏறக்குறைய எல்லோர் சிறுநீரிலும் கிருமி சேர்ந்துவிடும். 1960-களில் மூடிய பை வந்தபின் அது தள்ளிப்போனது, ஒழியவில்லை. இன்றும் குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 விழுக்காடு வரை கூடிக்கொண்டே போகிறது. ஒரு மாதம் இருந்தால் ஏறத்தாழ எல்லோருக்கும். புரோட்டியஸ் என்ற கிருமி இன்னும் ஒரு படி மேலே போகும். சிறுநீரில் உள்ள யூரியாவை உடைத்து, உப்புப் படியவைத்து, படலத்தைக் கல்லாகவே இறுக்கிவிடும். ‘டியூப் அடைச்சுக்கிச்சு’ என்று வார்டில் சொல்வதில் பாதி இந்தக் கல்தான்.

எலும்புத் தகட்டின் கதை இன்னும் நீளமானது. வாகனம் மோதித் தகடு வைத்த கால் ஆறு மாதம் கழித்துச் சீழ் வடிக்கத் தொடங்கும். மாத்திரை போட்டால் நிற்கும், விட்டால் வடியும். உடம்பின் திசு முந்திக்கொண்டு தகட்டின்மேல் பரவினால் நோயாளி தப்பித்தார். கிருமி முந்திவிட்டால் அந்த இடம் அதற்குச் சொந்தம். ஆந்தனி கிறிஸ்டினா என்ற எலும்பு மருத்துவர் 1987-இல் இதைப் பரப்புக்கான ஓட்டப்பந்தயம் என்று வர்ணித்தார். பந்தயத்தில் கிருமி வென்ற இடத்தில், தகட்டைக் கழற்றி, செத்த எலும்பைச் சுரண்டி, மறுபடியும் முதலிலிருந்து. ஒரு கூலித் தொழிலாளிக்கு இது எத்தனை மாத வருமானம் என்பதை எந்த மருத்துவ இதழும் அளந்து எழுதுவதில்லை.

நாட்டளவில் கணக்கு எடுக்கும் வேலை அண்மையில்தான் தொடங்கியது. எய்ம்ஸ், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் ஆகியவை சேர்ந்து அமைத்த கண்காணிப்பு வலை, 2017 மே முதல் 2018 அக்டோபர் வரை 26 மருத்துவமனைகளின் 89 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பார்த்ததை 2022-இல் வெளியிட்டது. 2,622 ரத்தத் தொற்றுகள், 737 சிறுநீர்த் தொற்றுகள். பிறந்த குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் சென்ட்ரல் லைன் தொற்று வீதம் மிக அதிகம். கைக்குள் அடங்கும் குழந்தைகள்.

சென்னைக்கும் இந்த வரலாற்றில் ஓர் அத்தியாயம் உண்டு. 2010-இல் என்.டி.எம்.-1 என்ற எதிர்ப்பு மரபணுவைப் பற்றி உலகை உலுக்கிய ‘லான்செட்’ கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் ஆராய்ச்சி செய்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் மட்டும் 44 நோயாளி மாதிரிகளில் அது இருந்தது. இரண்டே ஆண்டில், 2012 ஆகஸ்டில், டாக்டர் அப்துல் கஃபூர் முன்னின்று நாட்டின் மருத்துவச் சங்கங்களைக் கூட்டி ஆன்டிபயாடிக் பயன்பாட்டுக்கு நெறி வகுத்த அறிக்கை ‘சென்னைப் பிரகடனம்’ என்றே பெயர் பெற்றது. ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். என்.டி.எம். போன்றவை கிருமியின் மரபணுவில் எழுதிய எதிர்ப்பு. படலத்தின் எதிர்ப்பு அது வாழும் வீட்டால் வருவது. வீட்டைவிட்டு வெளியே வந்தால் அதே கிருமி சாதாரண மருந்துக்குச் சாகும். இரண்டும் ஒரே குழாயில் சேர்ந்தால்தான் பேராபத்து. நெருக்கமாக வாழும் அந்தக் கூட்டத்துக்குள் மரபணுக்களும் எளிதாகக் கைமாறும்.

மருந்து தோற்கும் இடத்தில் என்ன செய்வது? வீடு கட்டவிடாமல் தடுப்பதுதான் வழி. அதற்கு நல்ல சான்றும் கண் மருத்துவத்திலிருந்தே வந்தது. அரவிந்த் மருத்துவமனைகளில், கண்புரை அறுவை முடிந்த அதே நொடியில் கண்ணுக்குள் சிறிதளவு மாக்சிஃப்ளாக்சசின் மருந்தைச் செலுத்தும் பழக்கம் வந்தது. கிருமி லென்ஸில் ஒட்டிப் பிடி இறுகும் முன் மருந்து அங்கே காத்திருக்கும். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளின் கணக்கை டாக்டர் ஹரிப்பிரியாவும் சகாக்களும் 2017-இல் வெளியிட்டார்கள். மருந்து செலுத்தாதவர்களில் பதினாயிரத்துக்கு 7 பேருக்குக் கண்ணுக்குள் தொற்று, செலுத்தியவர்களில் 2 பேருக்கு. விழுப்புரம் மாவட்டத்துக் கண்புரைக்காரர்கள் பலர் பஸ் ஏறிப் போகும் தவளக்குப்பத்து அரவிந்த் மருத்துவமனையும் இதே குடும்பம்தான். 2003-இல் அங்கே வந்தது. ஏழைக்குச் செய்யும் சிகிச்சையில் சுத்தம் குறைந்தாலும் பரவாயில்லை என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கை அவர்முன் வையுங்கள்.

சென்ட்ரல் லைனுக்கும் இப்படியொரு கதை இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பீட்டர் ப்ரொனோவோஸ்ட் என்ற மருத்துவர் ஐந்தே வேலைகளைப் பட்டியலாக எழுதினார். கை கழுவு, முழு அங்கியும் துணியும் போர்த்து, குளோர்ஹெக்சிடின் தடவு, தொடை நரம்பைத் தவிர், தேவை முடிந்ததும் குழாயை எடு. புதிய மருந்தோ புதிய இயந்திரமோ அதில் கிடையாது. இதில் ஒன்றை மருத்துவர் விட்டால் நர்ஸ் அவரைத் தடுத்து நிறுத்தலாம் என்ற அதிகாரம் மட்டும் புதிது. நூறு ஐ.சி.யூ.க்களுக்கு மேல் இதைக் கடைப்பிடித்தன. 2006-இல் வந்த முடிவின்படி, ஆயிரம் குழாய் நாளுக்கு 2.7 என்றிருந்த தொற்றின் இடைநிலை அளவு மூன்று மாதத்தில் பூஜ்யத்துக்கு வந்தது. நர்ஸின் வாய்க்கு அத்தனை பலம்.

நர்ஸ் என்றதும் இந்தத் தொடரின் முதல் பகுதி நினைவுக்கு வருகிறது. 1890-களில் திண்டிவனத்து மிஷன் பங்களாவில் ஓர் இரவு. பிரசவத்தில் தவிக்கும் தன் மனைவியைக் காப்பாற்ற வேண்டும் என்று மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். ஆண் மருத்துவரை வீட்டுக்குள் விட அவர்கள் சம்மதிக்கவில்லை. மருத்துவரின் மகள் ஐடா ஸ்கடருக்கு வைத்தியம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அந்த இரவுதான் அவரை மருத்துவராக்கியது, வேலூரில் சி.எம்.சி. எழக் காரணமானது என்பதை அங்கே பார்த்தோம். அப்போது சொல்லாமல் விட்ட ஒன்றை இங்கே சேர்க்கிறேன். பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை அவர் 1918-இல்தான் தொடங்கினார். நர்ஸுகளுக்கான பயிற்சிப் பள்ளி அதற்கு ஒன்பது ஆண்டு முன்பே, 1909-இல், டீலியா ஹவ்ட்டன் துணையோடு தொடங்கிவிட்டது. டாக்டரைவிட முதலில் நர்ஸ் வேண்டும் என்று அவர் கண்டது நூறாண்டுக்குப் பிறகும் சரியாகவே இருக்கிறது. வென்ஃப்ளானை எப்போது போட்டோம் என்று பிளாஸ்திரியில் தேதி எழுதுவது, குழாய் வாயைத் துடைத்துவிட்டு ஊசி போடுவது, கை கழுவுவது எல்லாம் அவர் கையில்தான் இருக்கின்றன. ஒரு நர்ஸ் தலையில் அத்தனை படுக்கைகளைச் சுமத்திவிட்டு, தொற்றுக்கு அவரையே குற்றம் சொல்வது நியாயம் ஆகாது. படுக்கையைக் கூட்டும்போது நர்ஸ் பணியிடத்தையும் கூட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கடுவனூருக்குத் திரும்பினால் சொல்ல ஒன்று மிச்சம் இருக்கிறது. அன்று பார்வை இழந்தவர்களுக்குப் பயோஃபிலிம் என்ற சொல் தெரிந்திருக்க வழியில்லை. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. ஆட்டோகிளேவ் சூடு சரியாக எட்டியதா, நீர்மம் புதிதா, ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவே கருவி மாற்றப்பட்டதா என்று பார்ப்பது அறுக்கிறவர்களின் கடமை. அது தவறும் இடத்தில் விலை கொடுப்பவர் மேஜையில் படுத்திருப்பவர்.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அப்பாவோ அத்தையோ வார்டில் படுத்திருந்தால், காலையில் ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடமோ சிஸ்டரிடமோ தினமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “இந்த டியூப் இன்னைக்கும் வேணுங்களா?” மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். ஸ்கேனுக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது யூரின் பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேல் வைக்காதீர்கள், இடுப்புக்குக் கீழே தொங்கட்டும், தரையிலும் படவேண்டாம். வென்ஃப்ளான் போட்ட இடம் சிவந்தாலோ வலித்தாலோ உடனே சொல்லுங்கள். படுக்கையைத் தொடும் முன்னும் பின்னும் உங்கள் கையைக் கழுவுங்கள். கண் அறுவை முடிந்த வீட்டுப் பெரியவர் மறுநாளே கண் வலிக்கிறது, பார்வை மங்குகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அந்த மணி நேரத்திலேயே அழைத்துப்போங்கள்.

(தொடரும்)